காட்டு விலங்கு மீட்பு செட்: நாலு வயசுப் பெண்ணுக்கு வாங்கலாமா?

வடவள்ளி அம்மா (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு வரும் ஆவணியில் நான்கு வயது முடிகிறது. சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி அடுத்த மாதம் வருகிறான். பிறந்தநாளுக்கு என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டுவிட்டு அவனே ஒரு படமும் அனுப்பினான். ஒன்றோடொன்று பொருத்தி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகள் இருக்கிறதே லெகோ, அதன் சிட்டி வரிசையில் 2021-ல் வந்த காட்டு விலங்கு மீட்பு செட்கள். ஜீப், ஹெலிகாப்டர், டாக்டர், யானை, சிங்கம் எல்லாம் இருக்கிறது. படத்தைப் பார்த்ததிலிருந்து இவள் போனைக் கீழே வைக்கவில்லை.

எங்கள் வீடு மருதமலை அடிவாரத்துக்குப் பக்கம். இரவில் பட்டாசுச் சத்தம் கேட்டால் "யானை வந்திருக்கு" என்று எழுந்து உட்கார்ந்துவிடுவாள். அப்படி ஒரு யானைப் பைத்தியம்.

எனக்கு இரண்டு குழப்பம். பெட்டியில் வயது 5+ என்றும், பெரிய செட்டில் 6+ என்றும் போட்டிருக்கிறது. இவளுக்குக் கைப்பழக்கம் உண்டு, பொருத்திவிடுவாள். ஆனால் வீட்டில் பதினோரு மாதப் பையனும் இருக்கிறான். தவழ்கிறான், கையில் எது கிடைத்தாலும் நேரே வாய்க்குத்தான் போகிறது.

இரண்டாவதுதான் மனதை உறுத்துகிறது. 'மீட்பு'ன்னா என்னம்மா என்று கேட்டாள். அடிபட்ட விலங்கைக் காப்பாற்றுவது என்றேன். உடனே ஓடிப்போய்த் தன் துணி யானையைத் தரையில் வைத்து, அதன்மேல் காய்கறிக் கூடையைக் கவிழ்த்து, கூடைமேல் ஒரு தலையணையும் வைத்தாள். "காப்பாத்திட்டேன்" என்றாள். இரண்டு நாளாயிற்று, யானை இன்னும் கூடைக்குள்ளேதான் இருக்கிறது. எடுக்கவும் விடமாட்டேன் என்கிறாள். இந்த செட்டை வாங்கிக்கொடுத்தால் பிடித்து அடைக்கிற விளையாட்டாகவே போய்விடுமோ? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

இரண்டு வாலுகளின் அம்மா, திருச்சி

முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். சின்ன லெகோ வேண்டாம். தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

என் பெரியவனுக்கு ஐந்து வயதில் வாங்கினோம். அதில் வரும் பொம்மை மனிதர்களின் தலைமுடி தனியாகக் கழன்று வரும், பட்டாணி அளவுதான் இருக்கும். சின்னவன் அதை மூக்கில் போட்டுக்கொண்டான். இரண்டு நாள் சளி என்று நினைத்து நீராவி பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு ஒழுகியபோதுதான் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஓடினோம். அவர் எடுத்துக் காட்டியபோது எனக்குக் கை நடுங்கியது. மூக்கோடு போயிற்று, மூச்சுக்குழாயில் இறங்கியிருந்தால்?

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மையைச் சோதிக்க ஒரு சிறு உருளை வைத்திருக்கிறார்கள். அதன் வாய் அகலம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுசாக இறங்கிவிடும் எந்தத் துண்டும் அந்த வயதுக்கு ஆகாது. அந்த அளவை மனதில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பாருங்கள், பயமாக இருக்கும்.

பெரிய கட்டை வாங்குங்கள். லெகோ கம்பெனியே 1969-லிருந்து டூப்லோ என்று செய்கிறார்கள், ஒன்றரை வயதிலிருந்தே கொடுக்கலாம். சாதாரணக் கட்டையைவிட நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரண்டு மடங்கு. பின்னால் சின்ன லெகோ வாங்கினாலும் அது இதன்மேல் பொருந்தும், காசு வீணாகாது. 2022-ல் ஆப்பிரிக்கா, ஆசியா, தென் அமெரிக்கா என்று கண்டம் வாரியாகக் காட்டு விலங்கு செட்களும் டூப்லோவில் வந்தன. இப்போது கடையில் எது இருக்கிறதோ அதில் யானை இருக்கிறதா என்று தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பொள்ளாச்சி தாத்தா

அம்மிணி, உங்கள் இரண்டாவது கேள்வியைப் படித்துவிட்டு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கூடைக்குள் இருக்கிற அந்த யானையே கண்ணுக்குள் நின்றது.

நான் வனத்துறையில் ஜீப் ஓட்டி ஓய்வு பெற்றவன். யானையைக் காப்பாற்றுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் மகளுக்கு அப்படியே சொல்லலாம், பயப்படும்படி எதுவும் இல்லை.

மலையடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பு. நடுவில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. ராத்திரி தண்ணீருக்கு வந்த இளவட்ட ஆண் யானை ஒன்று உள்ளே விழுந்துவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விடியற்காலை நாலு மணி. இடுப்பளவு தண்ணீர், அதில் நின்றுகொண்டு தும்பிக்கையை மேலே நீட்டி ஒவ்வொருவராக மோந்து பார்த்தது. கிணற்றைச் சுற்றி ஊரே நின்றது. முதல் வேலையாகக் கூட்டத்தைத் தள்ளி நிறுத்தினோம். டாக்டர் மேலேயிருந்து டார்ச் அடித்துப் பார்த்து, நாலு காலும் நன்றாக ஊன்றுகிறது, எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார். தென்னை மட்டையும் வாழைத்தண்டும் வெட்டி உள்ளே போட்டோம். அதைத் தின்ன ஆரம்பித்த பிறகுதான் எங்களுக்கும் மூச்சு வந்தது.

அப்புறம் ஜேசிபி வந்தது. யானையை யாரும் தூக்கவில்லை. கிணற்றின் ஒரு பக்கக் கரையை உடைத்து, மண்ணைச் சரித்துச் சரித்து, உள்ளேயிருந்து மேலே வர ஒரு சாய்வான பாதை போட்டார் அந்த டிரைவர். மூன்று மணி நேரம் ஆனது. யானை இருக்கும் பக்கம் ஒரு கல்கூட உருளாமல் அவர் அந்த வாளியைத் திருப்பிய விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பாதை முடிந்ததும் வண்டியைப் பின்னால் எடுத்து இன்ஜினை நிறுத்தினார். எங்களையும் தோப்புக்கு அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டார் ரேஞ்சர். ஒருவரும் பேசவில்லை. யானை உடனே ஏறவில்லை. முன்னங்காலை மண்ணில் வைத்து அழுத்திப் பார்த்தது. எடுத்துவிட்டது. தும்பிக்கையால் அந்த இடத்தைத் தடவியது, மறுபடி அழுத்தியது. மண் தாங்கும் என்று தெரிந்த பிறகே முழு எடையையும் வைத்தது. நாலைந்து எட்டில் மேலே வந்து, எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், நேரே மலையைப் பார்த்துப் போய்விட்டது. அதன் பின்னாலேயே தூரத்தில் நானும் இன்னும் இருவரும் ஜீப்பில் போனோம், ரோட்டைத் தாண்டுகிற வரைக்கும். தாண்டிக் காட்டுக்குள் போயிற்று என்று வாக்கி டாக்கியில் சொன்னபோது மணி ஒன்பதரை.

எல்லாக் கிணற்றிலும் இது முடியாது. 2020 நவம்பரில் தருமபுரி மாவட்டத்தில் ஆழமான கிணற்றில் விழுந்த யானையை மயக்க ஊசி போட்டு, பட்டை கட்டி, கிரேனில்தான் தூக்கினார்கள். கிரேனோ ஜேசிபியோ, அது திரும்பிக் காட்டுக்குள் போனால்தான் எங்களுக்கு வேலை முடிந்த மாதிரி. 2023 டிசம்பர் கடைசியில் வால்பாறைப் பக்கம் பன்னிமேட்டில் ஒரு குட்டி கூட்டத்தைவிட்டுப் பிரிந்து அலைந்தது நினைவிருக்கும். ட்ரோன் விட்டு அந்தக் கூட்டத்தைத் தேடிப்பிடித்து, குட்டியைத் தாயிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சில நாள் கழித்து தாய் மேல் சாய்ந்து அது தூங்குகிற படம் வந்ததே, அந்தப் படத்தை உங்கள் மகளுக்குக் காட்டுங்கள். அதைப் பார்த்து நான் அழுதேன்.

திரும்ப விட முடியாத விலங்குகளும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. தாயே சேர்த்துக்கொள்ளாத குட்டி, கால் ஊனமானது, இவற்றை முகாமில் வைத்துத்தான் வளர்க்க வேண்டும். அதை இன்னும் இரண்டு வருஷம் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம்.

இப்போது பொம்மைக்கு வருகிறேன். என் பேத்திக்கு மூன்றரை வயது. டூப்லோ கட்டையும் ஒரு யானையும் இருக்கிறது. மீட்பு செட் என்று தனியாக வாங்கவில்லை. பெட்டியில் மீட்பு என்று எழுதியிருக்க வேண்டும் என்பதே இல்லை, கட்டை நிறைய இருந்தால் போதும். நாங்கள் கிணறு கட்டுவோம். யானையை உள்ளே இறக்கி நிறுத்துவோம். அவளுடைய பிளாஸ்டிக் ஜேசிபி வந்து ஒரு பக்கத்தை உடைக்கும். கட்டையைப் படிபோல அடுக்கிப் பாதை போடுவோம். "எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்று அவள் கத்துவாள், பாட்டி உட்பட எல்லோரும் சுவரோரம் போய் நிற்க வேண்டும். யானையை மேலே நடத்திக் கூட்டிக்கொண்டு கூடத்தைத் தாண்டித் துளசி மாடம் வரைக்கும் போவாள். அங்கே விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பி வருவாள். யானை ராத்திரி முழுக்க அங்கேயே இருக்கும். காலையில் போய்ப் பார்த்தால் அதே கிணற்றில் மறுபடி விழுந்திருக்கும்.

வடவள்ளி அம்மா

ஐயா, நேற்று சாயங்காலம் இந்தக் கிணற்றுக் கதையை அவளுக்குச் சொன்னேன். "கால வச்சு அழுத்திப் பாத்துச்சா?" என்று நான்கு முறை கேட்டாள். பிறகு தானே போய்த் தலையணையை எடுத்தாள். கூடையை இன்னும் எடுக்கவில்லை, ஒரு பக்கம் மட்டும் தூக்கி அடியில் செருப்பை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறாள். யானை எப்போது வேண்டுமோ அப்போது வருமாம்.

திருச்சி அக்கா, தம்பியிடம் டூப்லோ என்று சொல்லிவிட்டேன். உங்கள் பையன் கதையைக் கேட்டதும் என் மாமியார் சட்டைப் பொத்தான் டப்பாவைக்கூடப் பரண்மேல் ஏற்றிவிட்டார். பக்கத்து வீட்டில் பழைய டூப்லோ ஒரு பை நிறையத் தருகிறார்கள், அதை வாங்கிக்கொள்ளலாமா? சின்னவன் நக்கப்போகிறான், எப்படிக் கழுவுவது?

எல்.கே.ஜி. டீச்சர், ஈரோடு

தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வகுப்பில் இருப்பதெல்லாம் பழசுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பு போட்டுக் கையால் கழுவுங்கள், சூடு 40 டிகிரியைத் தாண்டக்கூடாது. கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் கட்டை வளைந்து பொருந்தாமல் போகும். வெள்ளைத் துணியில் பரப்பி நிழலில் காயவையுங்கள், கட்டையின் அடியில் இருக்கும் குழாய்க்குள் தண்ணீர் நிற்கும், உதறிவிட வேண்டும். விரிசல் விட்டதையும் ஓரம் உடைந்ததையும் பொறுக்கி எறிந்துவிடுங்கள்.

உள்ளூர்க் கடையில் வேறு ஏதாவது புதிதாக வாங்கினால் ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம். ஒரு முறை முத்திரை இல்லாத கட்டை வாங்கி, பிள்ளைகளின் விரலைக் கிழிக்கிற மாதிரி ஓரமெல்லாம் பிசிறு, ஒன்றோடொன்று சேரவும் இல்லை. பை முழுவதும் தூக்கிப்போட்டேன்.

தாத்தாவுக்கு ஒரு கேள்வி. கிணறு எத்தனை வரிசை கட்டுகிறீர்கள்? திங்கட்கிழமை வகுப்பில் கட்டப்போகிறேன்.

பொள்ளாச்சி தாத்தா

யானை முதுகு மறைகிற அளவுக்கு நாலு வரிசை போதும் டீச்சர். மூன்று பக்கம் கட்டையை மாற்றி மாற்றி இழைத்துக் கட்டுங்கள், செங்கல் சுவர் மாதிரி. நாலாவது பக்கத்தை மட்டும் இழைக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக நேராக அடுக்கிவிடுங்கள். அப்போதுதான் ஜேசிபி இடிக்கும்போது அந்தப் பக்கம் மட்டும் விழும். உள்ளே கொஞ்சம் இலை போட்டு வையுங்கள், அது பசியோடு இருக்கும்.