கோடியக்கரையில் கண்டதும் கேட்டதும்: அனுபவப் பகிர்வு

தஞ்சாவூர் உறுப்பினர்:

பூநாரையை (ஃபிளமிங்கோ) படத்தில் மட்டும் பார்த்தவர்களுக்கு அதன் நிறம்தான் மனத்தில் நிற்கும். வேதாரண்யம் அருகே உள்ள கோடியக்கரையில் எனக்கு முதலில் எட்டியது அதன் குரல். ஜனவரி மாதம், விடிந்தும் விடியாத நேரம். சதுப்பு நிலத்தின் கரைமேல் நடந்துகொண்டிருந்தோம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை கணுக்கால் அளவுத் தண்ணீர். தொலைவில் வாத்துக் கூட்டம் இரைவது போல ஓர் ஓசை. உடன் வந்த காவலர், "இதற்கு மேல் வேண்டாம் சார். ஒன்று எழுந்தால் எல்லாமே எழுந்துவிடும்" என்று நிறுத்திவிட்டார். அவர் சொன்னது சரிதான். மேய வந்த பறவையை விரட்டிப் படம் எடுப்பதில் என்ன இருக்கிறது?

பைனாகுலரில் பார்த்தபோதுதான் அது இரை தேடும் விதம் புரிந்தது. நீண்ட கழுத்தை வளைத்து, தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகின் மேல்பகுதி சேற்றைப் பார்க்கும்படி வைத்துக்கொள்கிறது. கால்களால் சேற்றைக் கிளறியபடி நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றுகிறது. கலங்கிய நீரை அலகுக்குள் இழுத்து வெளியே தள்ளும்போது, நுண்ணிய உயிர்கள் மட்டும் உள்ளே தங்கிவிடுகின்றன. நிற்கும்போது வெளிறித் தெரிந்த பறவை ஒன்று சோம்பல் முறிப்பதற்காகச் சிறகை விரித்தது. உள்ளே அத்தனை சிவப்பும் ஓரத்தில் கருப்பும் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. இந்தியாவில் இவை பெருமளவில் கூடு கட்டுவது குஜராத்தின் கட்ச் பகுதியில். கோடியக்கரைக்கு இரை தேடித்தான் வருகின்றன.

மாலையில் புல்வெளிப் பக்கம் வெளிமான்கள். கிடாயின் முதுகு கருத்து, கொம்பு முறுக்கிக்கொண்டிருக்கிறது. ஓடும்போது திடீரென்று மேலே எம்பித் துள்ளுகிறது. அதே புல்லில் மட்டக்குதிரைகளும் மேய்கின்றன. 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம் இது. 2002இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் இடம்பெற்ற முதல் ஈரநிலம் இதுதான் என்பதில் டெல்டாக்காரனாக எனக்குப் பெருமை உண்டு.

அகஸ்தியம்பள்ளிப் பக்கத்து உறுப்பினர்:

பறவையைப் பார்க்க வருகிறவர்கள் வழியில் இருக்கும் உப்பளங்களையும் சற்று நின்று பார்க்க வேண்டும். பூநாரை நிற்கும் நீரும் எங்கள் பாத்தியில் பாயும் நீரும் வேறு வேறு அல்ல. தாழ்ந்த நிலம், சுட்டெரிக்கும் வெயில், ஓயாத காற்று. இவை மூன்றும் இருப்பதால்தான் இங்கே உப்பும் விளைகிறது, பறவையும் வருகிறது.

எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக அளத்து வேலைதான். பாத்தியில் நீர் சுண்டும்போது முதலில் மேலே மெல்லிய ஆடை படியும். பிறகு அது கனத்து அடியில் இறங்கி மணியாகும். அந்தப் பதம் தெரியாமல் வாரினால் சேறும் சேர்ந்து வந்துவிடும். நீரைக் காலால் தொட்டே பதம் சொல்லும் ஆட்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள்.

1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களுடன் நடந்து வந்து உப்பு அள்ளியது எங்கள் அகஸ்தியம்பள்ளியில்தான். தொண்டர்களுக்குச் சோறு போட்டால் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன் மிரட்டியபோது, மக்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டார்கள். வேதாரண்யத்து நாவிதர் வைரப்பன் கதையை என் அப்பாயி சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். சவரம் செய்துகொண்டிருக்கும்போது, எதிரே உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். மீதியைச் செய்யச் சொல்லி வற்புறுத்தியும் மறுத்துச் சிறைக்குப் போனார். அந்த உப்பு சத்தியாகிரகத்தின் நினைவாக நிற்கும் உப்புத் தூணைப் பார்க்க வருகிறவர்கள் அவருடைய நினைவுத் தூணையும் கேட்டுப் போய்ப் பாருங்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியபோது கடல் கொண்டுவந்து கொட்டிய கருஞ்சேற்றின் கீழ் அளங்கள் புதைந்தன. காட்டில் மரங்கள் முறிந்தன. மான்களும் குதிரைகளும் பறவைகளும் செத்தன. சேற்றை வெட்டி எடுத்து மறுபடியும் பாத்தி கட்டினோம். வேறு என்ன செய்வது?

திருத்துறைப்பூண்டி உறுப்பினர்:

அண்ணன் உப்பைச் சொல்லிவிட்டார்கள், நான் கோயிலைச் சொல்கிறேன். திருமறைக்காட்டில், அதாவது வேதாரண்யம் சிவன் கோயிலில், அடைத்துக் கிடந்த கதவு அப்பர் பாடத் திறந்தது, சம்பந்தர் பாட அடைத்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு அதைவிடப் பிடித்தது எலியின் கதை. அணையப்போன விளக்கின் நெய்யைக் குடிக்க வந்த எலி, தன்னை அறியாமல் திரியைத் தூண்டிவிட்டதாம். அந்தப் புண்ணியத்தால் மறுபிறவியில் மாவலிச் சக்கரவர்த்தி ஆனதாம். "வேதாரண்யம் விளக்கழகு" என்று நம் பக்கத்தில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்.

ஆடி அமாவாசைக்குக் கோடியக்கரையில் கடலாடிய பிறகு பெரியம்மாவுடன், ராமரின் காலடித் தடம் இருப்பதாகச் சொல்லப்படும் ராமர் பாதம் போனேன். சிறிய மேடுதான், ஆனால் சுற்றிலும் எல்லாம் சமதரை என்பதால் அங்கிருந்து காடு முழுவதும் தெரிகிறது. பெரும்பாலும் பாலை மரங்கள். கோடையில் பழுக்கும் அதன் மஞ்சள் பழம் தித்திக்கும், பால் உதட்டில் பிசினாக ஒட்டும். பெரியம்மா சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் நின்ற இடத்தையும் காட்டினார்கள். 2004 ஆழிப்பேரலையில் சாய்ந்த அதன் செங்கற்கள்தான் இப்போது மிச்சம்.

தஞ்சாவூர் உறுப்பினர்:

இருவருக்கும் நன்றி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். இங்கே நல்ல தண்ணீர் வந்து சேர்வது குறையக் குறைய, சதுப்பில் உப்பு மிஞ்சுகிறது, மீனும் இறாலும் குறைகின்றன. காட்டுக்குள் சீமைக் கருவேலம் புகுந்து, வெளிமானுக்கு வேண்டிய திறந்த வெளியை அடைக்கிறது. கருவேலத்தை வெட்டி எறியலாம். ஆனால் தண்ணீர் ஆற்றின் மேல்பகுதியிலிருந்துதான் வர வேண்டும், அது தஞ்சாவூர்ப் பக்கத்து வாய்க்கால்களில் தொடங்கும் விஷயம்.

போக நினைப்பவர்களுக்கு: பூநாரைக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். பாலைப் பழத்துக்கும் உப்பளத்துக்கும் கோடை. உப்பு வாரும் வேலையைப் பார்க்க வேண்டுமானால் வெயில் ஏறுவதற்கு முன்பே அளத்துக்குப் போய்விடுங்கள்.