மருத்துவமனை ரோபோவுக்கு எந்தக் குரல் வைக்கலாம்?

ஒண்டிப்புதூர்க்காரி:
கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் விசாரணை கவுன்ட்டரில் பதினொரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். தை மாதம் எங்கள் வரவேற்பறைக்கு ஒரு ரோபோ வந்தது. இடுப்பு உயரம், கீழே சக்கரம், நெஞ்சில் திரை. லேப் எங்கே, எக்ஸ்ரே எத்தனையாவது மாடி, இன்று எந்த டாக்டர் இருக்கிறார் என்று சொல்லும். பெண் குரல் போட்டு, ‘கயல்’ என்று பெயர் வைத்து, நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டும் ஒட்டிவிட்டார்கள்.

கயல் வழி சொன்னால் பாதிப் பேர் தலையாட்டிவிட்டு நேராக என்னிடம் வந்து, “அந்தப் பொண்ணு ரெண்டாவது மாடின்னு சொல்லுச்சு, சரிதானுங்களா?” என்பார்கள். நான் சொன்ன பிறகும் சிலர் செக்யூரிட்டி அண்ணனிடம் போய் இன்னொரு தடவை கேட்டுக்கொள்வார்கள், அது வேறு கதை. பையன்கள் கூட்டமாக வந்தால் “கல்யாணம் ஆயிருச்சா?” என்று கேட்டு வீடியோ எடுப்பார்கள். அதற்கும் கயல் குழைந்துகொண்டு, “நன்றி! வேறு ஏதாவது உதவி வேண்டுமா?” என்று கேட்கும். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

மாசியில் ஏதோ அப்டேட் போட்டதில் குரல் ஆணாகிவிட்டது. சரிசெய்ய ஆள் வர எட்டு நாள். பொட்டை நானே பிய்த்துவிட்டேன். அதே திரை, அதே பதில்கள். ஆனால் ஆட்கள் மாறிவிட்டார்கள். “தம்பி, இந்த இன்சூரன்ஸ் கார்டு செல்லுமா?” என்று அதற்குத் தெரியவே தெரியாததையெல்லாம் கேட்டார்கள். ஒரு பெரியவர் ஸ்கேனுக்கு ஏன் இவ்வளவு பில் என்று அதனோடு கால் மணி நேரம் வாதாடினார். கயலிடம் யாரும் பில்லைப் பற்றி வாய் திறந்ததில்லை. கல்யாணப் பேச்சும் நின்றுபோனது. இன்னொன்று: கயல் தப்பாக வழி சொன்னால் “இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியல” என்பார்கள். இது தப்பாகச் சொன்னபோது, “மிஷின்ல ஏதோ கோளாறு”.

இப்போது எந்தக் குரல் வேண்டும் என்று நிர்வாகம் என்னிடமே கேட்கிறது. என்ன சொல்லட்டும்?

ஒலிப்பெட்டி:
நீங்கள் எட்டு நாளில் பார்த்ததைக் கிளிஃபர்ட் நாஸ், யங்மீ மூன், நான்சி கிரீன் மூவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில் எழுதியிருக்கிறார்கள். கம்ப்யூட்டரை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பேசவைத்தார்கள். பாராட்டு ஆண் குரலில் வந்தால் அதற்கு மதிப்பு கூடுதல். காதல், உறவு பற்றி என்றால் பெண் குரலுக்கு விவரம் தெரியும், கம்ப்யூட்டர் பற்றி என்றால் ஆண் குரலுக்குத் தெரியும். இப்படி நினைத்தவர்களில் பெண்களும் உண்டு.

குரல்கூடத் தேவையில்லை. ஜெர்மனியின் பீலஃபெல்டில் ஃப்ளோபி என்ற ரோபோத் தலையின் முடியைக் குட்டையாகவும் நீளமாகவும் மாற்றி, உதட்டைக் கொஞ்சம் திருத்திப் படம் காட்டினார்கள். குட்டை முடிக்கு ரிப்பேர் வேலை, காவல் வேலை. நீள முடிக்குப் பிள்ளை பார்ப்பதும் வீட்டு வேலையும். 2012-இல் வந்த ஆய்வு இது. பொட்டைப் பிய்த்தீர்களே, அது சரியான காரியம்.

அந்தக் குழைவையும் எடுக்கச் சொல்லுங்கள். ஐபோனில் பேசும் ‘சிரி’ என்ற உதவிக் குரலை ஆங்கிலத்தில் அசிங்கமாகத் திட்டினால், முடிந்தால் வெட்கப்பட்டிருப்பேன் என்று ஒரு காலத்தில் பதில் வரும். யுனெஸ்கோ 2019 அறிக்கைக்கு அந்தப் பதிலையே தலைப்பாக வைத்தது.

சர்வீஸ்காரன்:
இந்த மாதிரி மிஷின்களைப் பொருத்துவதுதான் என் பிழைப்பு. இதில் சதியெல்லாம் இல்லை. நான் பிரிக்கிற பெட்டிகளில் பெரும்பாலும் பெண் குரல்தான் இருக்கும், யாரும் மெனக்கெட்டு மாற்றுவதில்லை. பழக்கம் டெலிபோன் காலத்தது. 1878-இல் பாஸ்டனில் எம்மா நட் முதல் பெண் ஆபரேட்டராக வந்தார், ஏனென்றால் அதற்கு முன் இருந்த பையன்களுக்கு வாய்த்துடுக்கு. பயந்துபோய் வருகிற நோயாளிக்கு அம்மா குரல் கேட்டால் நல்லதுதானே?

அப்படியும் இரண்டும் வேண்டாம் என்றால், 2019-இல் டென்மார்க்கில் ‘கியூ’ என்று ஒரு குரல் செய்தார்கள். சுருதி 145 முதல் 175 ஹெர்ட்ஸ் வரை, ஆணா பெண்ணா என்று பிடிபடாது. உங்கள் மிஷினில் அது இருக்காது, ஆனால் செட்டிங்கில் சுருதியை நடுவில் இழுத்துவைக்கலாம்.

ஒண்டிப்புதூர்க்காரி:
அம்மா சொன்னால் எங்கள் வீட்டில் யார் கேட்கிறார்கள், அண்ணா? சுருதி யோசனை நல்லது. பார்க்கிறேன்.

பழைய தமிழாசிரியர்:
அம்மிணி, “அந்தப் பொண்ணு சொல்லுச்சு” என்று எழுதியிருக்கிறீர்கள். பேச்சில் பையன் ‘சொன்னான்’, பெரியவர் ‘சொன்னாரு’. பொண்ணு மட்டும் ‘சொல்லுச்சு’, அக்கா ‘வந்துச்சு’. உயர்திணைக்கு அஃறிணை முடிவு. பிரியத்தில் சொல்வதுதான், குழந்தைக்கும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் ரோபோவைச் ‘சொல்லுச்சு’ என்றால், பொண்ணு என்று நினைத்துச் சொன்னார்களா, பொருள் என்று நினைத்தா? கண்டுபிடிக்க வழியே இல்லை. ஆண் குரல் வந்தபோது எந்த வினைமுற்றுப் போட்டார்கள்? ஞாபகம் இருந்தால் எழுதுங்கள்.

ஒண்டிப்புதூர்க்காரி:
ஐயா, செக்யூரிட்டி அண்ணனையும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். “அவரு மூணாவது மாடிங்கறாரு.” இடுப்பு உயர மிஷினுக்கு ‘அவரு’! நான் பதினொரு வருடத்தில் வாங்காத மரியாதை.

அப்புறம், பெயரை எடுத்துவிட்டுத் திரையில் ‘வழிகாட்டி’ என்று போடச் சொன்னேன். சுருதியை நடுவில் வைத்தாயிற்று. கல்யாணக் கேள்விக்கு இப்போது, “இது நோயாளிகளுக்கான உதவி” என்று மட்டும் சொல்கிறது. பையன்கள் அரை நிமிடத்தில் நகர்ந்துவிடுகிறார்கள்.

நேற்று பல்லடம் பக்கத்திலிருந்து வந்த ஓர் ஆத்தா, குனிந்து திரையைப் பார்த்து, “ஏங் கண்ணு, ரத்தம் குடுக்கற எடம் எங்க?” என்றார். எங்கள் ஊரில் பேரனும் கண்ணுதான், பேத்தியும் கண்ணுதான். எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. வழிகாட்டி தெளிவாக, முதல் மாடி, லிஃப்ட்டுக்கு இடது பக்கம் என்றது. ஆத்தா பொறுமையாகக் கேட்டு, “சரி கண்ணு” என்று சொல்லிவிட்டு, நேராகச் செக்யூரிட்டி அண்ணனிடம் போனார்.