முட்டையோடு போய் வரிசையில் நின்ற காலைகள்: ஜியென்பிங் அனுபவப் பகிர்வு

தியான்ஜினில் மருத்துவம் படித்துத் திரும்பியவர்

வட சீனாவின் தெருவோரங்களில் காலை வேளையில் சுட்டுத் தரும் ஜியென்பிங்கைப் பற்றி நம்மவர்கள் எழுதும்போது 'சீன தோசை' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். தியான்ஜினில் படித்த ஆண்டுகளில் வாரத்துக்கு நான்கு நாளாவது அதைத் தின்றுவிட்டே வகுப்புக்குப் போனவன் என்ற முறையில் எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடு இல்லை. கல்லில் வார்ப்பது என்ற அளவோடு தோசைக்கும் அதற்கும் உள்ள உறவு நின்றுவிடுகிறது. பாசிப்பயற்று மாவு சேர்வதால் வேண்டுமானால் பெசரட்டுக்குப் பங்காளி என்று சொல்லலாம். ஆனால் மாவு மிகவும் நீர்க்க இருக்கும், புளிக்க விடுவதும் இல்லை.

எங்கள் விடுதி வாசலுக்கு எதிரே ஓர் அம்மையார் மூன்று சக்கர வண்டியில் கடை போட்டிருந்தார். ஓர் அகப்பை மாவைக் கல்லின் நடுவில் ஊற்றுவார்; ஆங்கில 'டி' எழுத்தைப் போன்ற மரக்கோல் ஒன்றால் ஒரே சுழற்றில் அதைக் கல்லின் விளிம்புவரை இழுத்துவிடுவார். நாம் அகப்பையின் அடியாலேயே தேய்க்கிறோம்; அங்கே அகப்பையின் வேலை ஊற்றுவதோடு முடிந்துவிடும். மேலே முட்டையை உடைத்து, அதே கோலால் மஞ்சள் கருவைக் கீறிப் பரப்பி, வெங்காயத்தாளைத் தூவித் திருப்பிப் போடுவார். பிறகு கோதுமை மாவைப் புளிக்கவைத்துச் செய்த இனிப்புச் சாந்து, தோஃபு எனும் சோயாக் கட்டியைப் புளிக்கவைத்துச் செய்த சாந்து, கேட்டவர்களுக்கு மிளகாய்ச் சாந்து ஆகியவற்றைத் தடவி, நடுவில் எண்ணெயில் பொரித்த நீண்ட மாவுத்தண்டு ஒன்றை வைத்து மடிப்பார். மற்ற ஊர்களில் யூத்தியாவ் எனப்படும் அந்தத் தண்டுக்குத் தியான்ஜினில் குவோட்ஸு என்று பெயர். அதனால்தான் அங்கே இந்தப் பண்டத்தின் முழுப்பெயர் ஜியென்பிங் குவோட்ஸு. தண்டு வேண்டாம் என்றால் அப்பளம்போல் மெல்லியதாகப் பொரித்த குவோபி என்ற சதுரத் தகட்டை வைத்துத் தருவார்கள். 'தண்டா, தகடா, எத்தனை முட்டை' என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லத் தெரிந்துகொண்ட நாளில்தான் எனக்கு அந்த ஊரின் மொழி கொஞ்சம் பிடிபட்டது.

முதல் மாதத்தில் எனக்குப் புரியாத ஒன்று இருந்தது. வரிசையில் நிற்கும் முதியவர்கள் பலர் கையில் முட்டையோடு வந்தார்கள். வீட்டு முட்டையைக் கொடுத்தால் முட்டைக்கான விலையைக் கழித்துக்கொண்டு சுட்டுத் தருவது அங்கே பழைய வழக்கம் என்று பிறகு தெரிந்தது. சிக்கனம் ஒரு காரணம். தான் வாங்கிய முட்டை புதியது என்ற உறுதி இன்னொரு காரணம். நானும் ஒரு டிசம்பர் காலையில் இரண்டு முட்டைகளைக் குளிர்ச்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வாசற்படியில் பனி உறைந்திருந்ததைக் கவனிக்காமல் வழுக்கிச் சுவரில் சாய்ந்ததில், பைக்குள் விட்ட கை பிசுபிசுத்தது. வண்டிக்கார அம்மையார் சிரிக்கவில்லை; தம் முட்டையை எடுத்துச் சுட்டுக் கொடுத்துவிட்டு, பையைத் துடைக்க வெந்நீரில் நனைத்த துணியையும் நீட்டினார். அந்தச் சட்டையில் வசந்தகாலம்வரை முட்டை வாடை அடித்தது.

தியான்ஜின்காரர்கள் வேறு எதிலும் இவ்வளவு கண்டிப்பு காட்டி நான் பார்த்ததில்லை. உள்ளே கீரையிலையும் சாசேஜும் வைத்த ஒன்றை அவர்கள் ஜியென்பிங் குவோட்ஸு என்று ஏற்கவே மாட்டார்கள். 2018-ஆம் ஆண்டில் நகரின் உணவுத்தொழில் சங்கம் இதன் செய்முறைக்கென்று ஒரு தரவரையறையே வெளியிட்டது. கட்டாயம் இல்லாத, விரும்புவோர் பின்பற்றக்கூடிய வரையறைதான் என்றாலும், தெருவண்டிப் பலகாரத்துக்குத் தரவரையறையா என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்தார்கள். என் வகுப்புத் தோழன் ஒருவன், உள்ளூர்க்காரன், அதைப் படித்துவிட்டு, 'எங்கள் தெருவில் எல்லாருக்கும் இது முன்பே தெரியும்' என்று மட்டும் சொன்னான்.

மொத்தக் கொள்முதலுக்காக லின்யீ சென்றுவருபவர்

மேலே எழுதியவர் சொல்வது தியான்ஜினுக்குச் சரி. ஆனால் ஷான்தோங் மாகாணத்தில் போய் 'ஜியென்பிங்' என்று கேட்டால் வருவது முற்றிலும் வேறொன்று. வன்பொருள் சாமான்கள் வாங்குவதற்காக லின்யீ மொத்தச் சந்தைக்கு எட்டு முறை போயிருக்கிறேன். அங்கே இந்தச் சொல் குறிப்பது முட்டையும் பொரித்த தண்டும் இல்லாத, காகிதம்போல் மெல்லிய, அகன்ற, காய்ந்த அடையை. சோளம், மக்காச்சோளம், தினை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கோதுமை என்று எந்த மாவிலும் அதைச் செய்கிறார்கள். சுட்ட உடனே தின்ன வேண்டிய கட்டாயம் இல்லை. அடுக்கி மூடிவைத்தால் நாள்கணக்கில், நன்றாகக் காய்ந்ததென்றால் வாரக்கணக்கில் கெடாமல் இருக்கும். என்னைப் பொறுத்தவரை இதுதான் மூத்த அண்ணன். தெருவண்டி வகைகளெல்லாம் தம்பிகள்.

சரக்குத் தரகர் ஒருவர் ஓர் ஞாயிற்றுக்கிழமை தம் சொந்தக் கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். அவருடைய பாட்டி முற்றத்தில் முக்காலி போட்டு, நடுப்பகுதி சற்றே மேடாக இருந்த வட்ட இரும்புக்கல்லின் முன் உட்கார்ந்திருந்தார். அந்தக் கல்லுக்கு அங்கே ஆவ்ட்ஸு என்று பெயர். கீழே வைக்கோலும் சுள்ளியும் எரிந்துகொண்டிருந்தன. எண்ணெய் ஊறிய கெட்டித் துணி அடுக்கு ஒன்றால் கல்லைத் துடைப்பார். பிறகு நான் எதிர்பார்த்தபடி மாவை ஊற்றவில்லை. தளர்ந்த மாவு உருண்டை ஒன்றை இரு கைகளிலும் ஏந்தி, சுடுகின்ற கல்லின்மீது ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றி உருட்டினார். உருண்டை போன வழியெல்லாம் மெல்லிய படலம் ஒட்டிக்கொண்டே வந்தது. கல் முழுவதும் மூடியதும் மீதி உருண்டையைச் சட்டியில் போட்டுவிட்டு, மரத்தகட்டால் ஒருமுறை வழித்துவிட்டார். ஓரம் தானாகவே எழும்பியது. இரண்டு விரலால் பிடித்து உரித்து எடுத்தார். ஒன்றுக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. என்னையும் ஒன்று செய்யச் சொன்னார்கள். உருண்டை என் கையோடு ஒட்டிக்கொண்டது, விரல் நுனி சுட்டது, கல்லின்மீது தீவுகள் மட்டும் மிஞ்சின. பாட்டி அதைச் சுரண்டிக் கோழிக்குப் போட்டார்.

சாப்பிடும் முறையும் வேறு. அடையில் சோயாச் சாந்தைத் தடவி, விரல் பருமனுள்ள பச்சை வெங்காயத்தண்டை முழுசாக வைத்துச் சுருட்டி இரண்டு கையாலும் பிடித்துக் கடிக்கிறார்கள். அந்த மாகாணத்து வெங்காயத்தண்டு நம் வெங்காயத்தாள் அன்று. ஜாங்சியூ பகுதியில் விளைவது ஆளுயரம்கூட வளரும், வெள்ளைத் தண்டு இனிக்கும். லின்யீ அடைக்கு இழுவை அதிகம். முதல் நாள் இரண்டு தின்றுவிட்டு இரவு முழுவதும் தாடையைத் தடவிக்கொண்டிருந்தேன். ஷான்தோங்காரர்களின் அகன்ற தாடைக்குக் காரணமே இதுதான் என்று அவர்களே வேடிக்கையாகச் சொல்கிறார்கள்.

கெடாமல் இருக்கும் குணம்தான் இந்த அடையை வரலாற்றில் இழுத்துவிட்டது. 1948 நவம்பரில் தொடங்கி 1949 ஜனவரியில் முடிந்த சீன உள்நாட்டுப் போரின் ஹுவாய்ஹாய்ச் சண்டையின்போது, லின்யீயைச் சுற்றியுள்ள யீமெங் மலைப்பகுதிப் பெண்கள் இரவும் பகலும் அடை சுட்டுக் கம்யூனிஸ்ட் படைகளுக்கு அனுப்பியதை அந்த ஊரில் இன்றும் பெருமையோடு பேசுகிறார்கள். தரகரின் தந்தை உறைவிடப் பள்ளியில் படித்த காலத்தில், ஒரு வாரத்துக்கு வேண்டிய அடையைத் துணிமூட்டையாகக் கட்டிச் சுமந்து போவாராம். வெள்ளிக்கிழமை தின்னும்போது அது சுள்ளிபோல் ஒடியும் என்றார். பிழைப்புத் தேடி வடகிழக்குக்குக் குடிபெயர்ந்த ஷான்தோங் உழவர்கள் இதைக் கையோடு கொண்டுபோனார்கள். மக்காச்சோள அடை அங்கே இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பாத்திரங்களை இழந்துவிட்ட படைக்கு உணவு செய்ய, மூன்றாம் நூற்றாண்டுத் தளபதி ஜூகே லியாங் வெண்கலச் சேகண்டியில் மாவு வார்க்கச் சொன்னார் என்ற கதையையும் கேட்டேன். கதை நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். சீனாவில் பாதிப் பலகாரங்களுக்கு அந்தத் தளபதியைத்தான் கூப்பிடுகிறார்கள்.

பெய்ஜிங்கில் மூன்று ஆண்டுகள் பணியில் இருந்தவர்

தியான்ஜின் நண்பர் வெறுக்கும் வகையைத்தான் நான் விரும்பித் தின்றேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெய்ஜிங்கில் சுரங்க ரயில் நிலைய வாசல்களில் கிடைப்பதில் கோதுமை மாவு கூடுதலாக இருக்கும். மாவுத்தண்டுக்குப் பதிலாக பாவ்ட்சுய் என்ற பொரித்த மொறுமொறுப்புத் தகடு இருக்கும், கீரையிலையும் இருக்கும். கேட்டால் சாசேஜ், கோழித்துண்டு, இறைச்சித் துருவல் என்று எதையும் வைப்பார்கள். காலை எட்டரை மணிக்கு அலுவலகத்துக்கு ஓடுகிறவனுக்கு ஒரே பொட்டலத்தில் இரண்டு வேளைச் சாப்பாடு கிடைப்பதில் என்ன குற்றம்?

2017-ஆம் ஆண்டில் பெய்ஜிங் வண்டிக்காரப் பெண்மணி ஒருவர் சொன்ன பதில் சீன இணையத்தில் பரவியது. முட்டை குறைவாகப் போட்டதாக வாடிக்கையாளர் ஒருவர் சண்டை பிடித்தபோது, 'மாதம் 30,000 யுவான் சம்பாதிக்கிறேன், உன்னுடைய ஒரு முட்டையையா மிச்சம் பிடிப்பேன்' என்றாராம். எங்கள் அலுவலகத்தில் அன்று வேலை நடந்ததைவிட, யார் வேலையை விட்டுவிட்டு வண்டி போடுவது என்ற பேச்சுதான் அதிகம் நடந்தது. நானும் எங்கள் நிலைய வாசலில் நின்று எண்ணிப் பார்த்தேன்: ஒன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை நிமிடம், வரிசை ஓயவே இல்லை. ஆனால் அதிகாலையில் மாவு கரைத்து, உறையும் குளிரில் நான்கு மணி நேரம் நிற்பது அந்தக் கணக்கில் வராது. பின்பு ஒருநாள் அந்த வண்டி அங்கே இல்லை. நடைபாதைகளை ஒழுங்குபடுத்துகிறார்கள் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். அதன்பிறகு கண்ணாடிக் கதவு போட்ட கடைக்குள் வாங்கியதில் தகடு எப்போதும் நமுத்தே இருந்தது. முன்பே செய்து அடுக்கிவைக்கிறார்கள். சூட்டில் மடித்த பத்து நிமிடத்துக்குள் தின்னாவிட்டால் உள்ளிருக்கும் ஆவியே அந்த மொறுமொறுப்பைக் கொன்றுவிடும்; இதில் பெய்ஜிங்கும் தியான்ஜினும் ஒரே கட்சிதான்.

ஹாங்ஜோவுக்கு ஒருமுறை மட்டும் போனவர்

தெற்கே ஹாங்ஜோவில் இதற்கு ஓர் ஒன்றுவிட்ட உறவு உண்டு. கோதுமை மாவால் செய்த மெல்லிய அடைக்குள் பொரித்த தண்டையும் வெங்காயத்தாளையும் வைத்துச் சுருட்டி, சூடான கல்லில் இரும்புத்தகட்டால் அழுத்தி, தட்டையாகப் பொன்னிறம் வரும்வரை வாட்டுகிறார்கள். முட்டை இல்லை. பெயர் சோங்பாவ்ஹுய். அதன் கடைசி அசை, தளபதி யுவே ஃபெய் 1142-இல் கொல்லப்படக் காரணமான அமைச்சர் சின் ஹுய்யின் பெயரைக் குறிக்கிறது. அமைச்சரையும் அவர் மனைவியையும் நினைத்து இரு மாவுத்துண்டுகளை ஒட்டி எண்ணெயில் போட்டுத் தீர்த்துக்கொண்ட கோபம்தான் பொரித்த தண்டாயிற்று என்பது மக்கள் சொல்லும் கதை. மேற்கு ஏரிக்கரையில் உள்ள யுவே ஃபெய் நினைவாலயத்தில் அந்த இருவரும் இரும்புச் சிலைகளாக மண்டியிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து ஒன்று வாங்கினேன். விற்றவர் தகட்டை வைத்து அழுத்தியபோது 'சொய்ங்' என்று ஒரு சத்தம். இன்னும் கொஞ்சம் அழுத்துங்கள் என்று சைகை காட்டினேன், அவருக்குப் புரிந்துவிட்டது.

அடுத்த மாதம் தியான்ஜின் செல்லவிருப்பவர்

நான் முட்டையும் இறைச்சியும் உண்பதில்லை. மேலே உள்ளவற்றில் எனக்குத் தியான்ஜினில் ஏதாவது தேறுமா?

தியான்ஜினில் மருத்துவம் படித்துத் திரும்பியவர்

தாராளமாக. முட்டை வேண்டாம் என்று சொன்னால் வெறும் பயற்று அடையில் தண்டை வைத்துத் தருவார்கள். அம்மையார் ஒருமுறை வியப்போடு பார்ப்பார், அவ்வளவுதான். ஆனால் தகடு மட்டும் கேளுங்கள், தண்டு மெத்தென்று இருப்பதால் முட்டையில்லாத அடைக்கு அது பொருந்தாது என்பது என் கருத்து. இன்னொன்றும் இருக்கிறது. குவோபாட்சாய் என்று எழுதி, உள்ளூரில் 'காபாட்சாய்' என்று சொல்வார்கள். அதே பாசிப்பயற்று அடையை வேப்பிலைபோல் கூர்நுனியுள்ள துண்டுகளாக வெட்டி, கெட்டியான குழம்பில் புரட்டி, எள்சாந்தும் தோஃபுச் சாந்தும் மிளகாய் எண்ணெயும் கொத்தமல்லித் தழையும் மேலே போட்டுக் கிண்ணத்தில் தருவார்கள். பழைய முறையில் அந்தக் குழம்பு இறைச்சி சேராதது. இருந்தாலும் 'சூ த மா' என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சைவமா என்று பொருள். காலை ஏழு மணிக்கு முன்னால் போய்விடுங்கள், ஒன்பது மணிக்குமேல் துண்டுகள் ஊறிக் கரைந்து கிண்ணத்தில் கூழ்தான் மிஞ்சும்.