பாடக்குறிப்பு இருக்கு, பாடம் ஏன் நடுவில நிக்குது? வன்னி வகுப்பறைகளில் கண்டவை

தொடக்கப் பதிவு
கொப்பியில் பாடக்குறிப்பு ஒழுங்காக இருக்கிறது, கல்வி வலய அலுவலகத்திலிருந்து வருபவர்கள் கையொப்பமும் வைக்கிறார்கள். ஆனாலும் 40 நிமிடப் பாடவேளை பாதியில் தடுமாறுகிறது. உங்கள் பாடத்தில் எந்த இடத்தில் சறுக்குகிறது என்று கண்டீர்கள்? என்ன ஆயத்தம் அதைத் தடுக்கும்?

கணிதம், கிளிநொச்சி
காரணிப்படுத்தலில் பாருங்கள். ஆசிரியர்கள் பலகையடியில் நின்றபடி வாயில் வந்த எண்ணை எழுதுவார்கள்: x² + 5x + 3, அதாவது நடுக் குணகம் 5, மாறிலி 3. பெருக்கினால் 3, கூட்டினால் 5 வரும் இரண்டு முழுவெண்கள் கிடையாது. ஐந்து நிமிடம் அழித்து அழித்து எழுதியே போய்விடும், பிள்ளைகள் தங்களுக்குத்தான் விளங்கவில்லை என்று நினைப்பார்கள்.

கணக்குகளை முதல் நாளே செய்து, வரிசையும் தீர்மானிக்க வேண்டும். முதலில் நடுக் குணகம் 5, மாறிலி 6 (2, 3 உடனே வரும்). பிறகு 1, −6. அதற்குப் பிறகு −1, −6. பிள்ளைகள் குறியை மாற்றிப் போடுவது இந்த இரண்டிலும்தான், ஆகவே இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். x² இன் குணகம் 2 ஆக உள்ளது கடைசியில். பலகையின் இடது பக்கத்தில் எழுதிய விதியை (பெருக்கினால் மாறிலி, கூட்டினால் நடுக் குணகம்) மணி அடிக்கும்வரை அழிக்கக் கூடாது.

விஞ்ஞானம், முழங்காவில்
கணிதத்தில் முதல் நாள் இரவு போதும். இலையில் மாப்பொருளைச் சோதிக்கும் பாடத்துக்கு மூன்று நாள் வேண்டும். வெயில் பட்ட பகுதியில் அயடீன் கருநீலமாகும், மூடி வைத்த பகுதியில் ஆகாது என்று காட்டுவதே பாடம்.

சாடியில் உள்ள செவ்வரத்தையை 48 மணித்தியாலம் இருட்டில் வையுங்கள். இதை விட்டால் இலையில் பழைய மாப்பொருள் இருக்கும், மூடிய பகுதியும் கருநீலமாகும், பாடமே தலைகீழாகிவிடும். பிறகு இலையின் ஒரு பகுதியை இருபுறமும் கறுப்புக் கடதாசியால் மூடி, நான்கைந்து மணித்தியாலம் நல்ல வெயிலில் வையுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் இது சரிவராது, பாட அலகை முன்னுக்குப் பின் மாற்றுவதே புத்தி.

காலைப் பாடம் என்றால் முதல் நாள் பின்னேரம் இலையைப் பறித்து, உடனே ஒரு நிமிடம் கொதிநீரில் அமிழ்த்தி மதுசாரத்தில் போட்டு வையுங்கள். செடியிலேயே விட்டால் இரவோடு மாப்பொருள் குறைந்துவிடும். வகுப்பில் இன்னொரு இலையை வைத்துப் படிமுறைகளைக் காட்டலாம். மதுசாரக் குழாயை நேரே சுவாலையில் பிடிக்கவே கூடாது, ஆவி பற்றும். விளக்கை அணைத்துவிட்டு, இலையின் பச்சை மதுசாரத்தில் கரையும்வரை சுடுநீர் உள்ள முகவைக்குள் (பீக்கர்) குழாயை வையுங்கள். வெளுத்த இலை மொறுமொறுப்பாக இருக்கும், சுடுநீரில் தோய்த்து மெதுவாக்கிய பின்பே அயடீன். அயடீன் பிளேன்ரீ (பால் விடாத தேநீர்) நிறத்தில் இருக்கட்டும். கடுமையாக இருந்தால் இலை முழுக்கக் கபிலமாகி, வித்தியாசம் தெரியாது.

ஆரம்பப் பிரிவு, மல்லாவிப் பக்கம்
3ஆம், 4ஆம் தரத்துக்கு ஒரே ஆசிரியர் என்றால் ஆயத்தம் இல்லாமல் ஒரு மணித்தியாலமும் ஓடாது. 4ஆம் தரத்தின் வேலை டிமைத் தாளில் (சுவரில் ஒட்டும் பெரிய தாள்) முதல் நாளே எழுதப்பட்டு, காலைப் பிரார்த்தனைக்கு முன் சுவரில் இருக்க வேண்டும். அவர்கள் அதைச் செய்யும் 15 நிமிடத்தில் 3ஆம் தரத்துக்குப் புதுப் பாடம். கெதியாக முடிக்கும் பிள்ளைக்கு இன்னொரு தாள் கட்டாயம், சத்தம் தொடங்குவதே அந்தப் பிள்ளையில்தான். போட்டோக்கொப்பியை நம்ப வேண்டாம், கரண்ட் நிண்டால் எல்லாம் நிண்டுது.

கணிதம், ஒட்டுசுட்டான்
உள்ளூர் உதாரணம் எடுப்பவர்கள் அளவை அலகுகளைச் சரிபாருங்கள். 1 ஏக்கர் 4 றூட், 160 பேர்ச்சஸ். ஒரு புசல் நெல் ஏறத்தாழ 21 கிலோ. ஏக்கருக்கு 2 புசல் விதைநெல் என்று வைத்தால் 3 ஏக்கர் 2 றூட்டுக்கு 7 புசல், 147 கிலோ. "மூடை" என்று மட்டும் கணக்கில் போடாதீர்கள், வயல்காரப் பிள்ளை "எத்தனை கிலோ மூடை, சேர்?" என்று கேட்கும். நியாயமான கேள்வி.

ஓய்வுபெற்ற சேவைக்கால ஆலோசகர்
ஆசிரியர் வழிகாட்டியைப் பார்த்தெழுதிய குறிப்பு பாடத்தை மேற்பார்வை செய்ய வருபவருக்கு மட்டுமே உதவும். பலகைத் திட்டம், கேட்கப்போகும் நான்கு கேள்விகள், பிள்ளைகள் சொல்லக்கூடிய பிழையான விடைகள்: இந்த ஒரு பக்கம் போதும். பஸ் பிந்தினால் 40 நிமிடம் 25 ஆகும், அப்போது எதை விடலாம் என்றும் அதிலேயே குறித்து வையுங்கள். வழக்கமாக வெட்டுப்படுவது கடைசிப் பயிற்சி, அதுதான் வெட்டக் கூடாதது.

புதிய நியமனம், துணுக்காய்
முழங்காவில் ரீச்சர், ஆய்வுகூடத்தில் அயடீன் இல்லாவிட்டால்?

விஞ்ஞானம், முழங்காவில்
பாமசியில் காயத்துக்கு விற்கும் பொவிடோன் அயடீனைத் தண்ணீர் விட்டுக் கலக்கலாம். முதல் நாளே ஒரு சோற்றுப் பருக்கையில் சொட்டு விட்டுப் பாருங்கள். கருநீலம் வராவிட்டால் வேறு போத்தல் தேட ஒரு பின்னேரமாவது கையில் இருக்கும்.