லண்டன் ஓட்டல் புதினா சாஸ்: புதுசா போயிருக்கிற டெல்டா பிள்ளைகளுக்கு

செப்டம்பர் பிறந்தா போதும், தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் பக்கத்துலேர்ந்து இங்கிலாந்துக்குப் படிக்கப் போன பிள்ளைகள்கிட்டேர்ந்து இந்தக் கேள்வி வந்துடுது. "இங்க இந்தியன் ரெஸ்டாரண்ட்ல அப்பளத்தோட ஒரு வெளிர்பச்சை சாஸ் தர்றாங்க. ரூமுக்கு வந்து புதினா அரைச்சு தயிர்ல கலந்தா அந்த ருசி வரவே மாட்டேங்குது, ஏன்?" அந்த ஊர்ல பல வருஷம் குடித்தனம் பண்ணிட்டு இப்ப மன்னார்குடியில இருக்கேன். தெரிஞ்சதைச் சொல்றேன்.

தம்பி தங்கச்சிங்களா, அப்படி அரைச்சா வரவே வராது. புதினாவோட பச்சமிளகாய், இஞ்சி, கொத்தமல்லி எல்லாம் வச்சு அரைச்சா அது நம்ம வீட்டுச் சட்னி. நல்லாத்தான் இருக்கும், ஆனா அந்த சாஸ் வேற வம்சம். அங்க இருக்கிற "இந்தியன்" ரெஸ்டாரண்ட் பலதையும் நடத்தறது வங்கதேசத்து சில்ஹெட் பக்கத்துக்காரங்க. வெள்ளைக்காரங்க ஆட்டுக்கறி ரோஸ்டுக்குக் காலங்காலமா ஒரு புதினா சாஸ் தொட்டுக்கறாங்க: பொடியா நறுக்கின புதினா, வினிகர், சீனி, அவ்வளவுதான். அது பாட்டில்ல எல்லாக் கடையிலயும் கிடைக்கும். பல ரெஸ்டாரண்ட்ல அந்தப் பாட்டில் சாஸைத்தான் தயிர்ல கலந்து வைக்கறாங்க. நீங்க தேடற ருசி அந்த வினிகர் புளிப்பும் சீனியும். எலுமிச்சம்பழமோ புளியோ அந்த இடத்துக்கு வராது.

டெஸ்கோ, ஆஸ்டா மாதிரி சூப்பர் மார்க்கெட் எதுல போனாலும் கெட்ச்சப், கடுகு சாஸ் இருக்கிற அலமாரியில தேடுங்க. கோல்மன்ஸ் பாட்டில் எங்கயும் இருக்கும், கடையோட சொந்த பிராண்டும் போதும். பக்கத்துலயே மின்ட் ஜெல்லின்னு ஒண்ணு இருக்கும், அதை எடுத்துடாதீங்க. அது ஜாம் மாதிரி கெட்டியா, வெறும் தித்திப்பு.

இனி அளவு. 250 கிராம் தயிருக்கு 2 டீஸ்பூன் பாட்டில் சாஸ், குவிச்சு எடுங்க. 1 டீஸ்பூன் சீனி, கால் டீஸ்பூன் மிளகாய்த்தூள், ஒரு சிட்டிகை வறுத்த சீரகப்பொடி. பாட்டில்லயே உப்பும் சீனியும் இருக்கும், அதனால உப்பை ருசி பார்த்துட்டுக் கடைசியா போடுங்க. அப்புறம் காய்ச்சி ஆறவச்ச பாலோ பாக்கெட் பாலோ 3 டேபிள்ஸ்பூன். இந்தப் பாலை விட்டுடாதீங்க. தண்ணி ஊத்தினா நீர்மோராயிடும். பால் ஊத்தினா தளர்ந்தும் இருக்கும், கொழகொழப்பும் போகாது. அப்பளத் துண்டை முக்கித் தூக்கினா ஒரு ஓரமா மெதுவா வழிஞ்சு ஒரு சொட்டு விழணும், அதுதான் பதம். கெட்டியா ஒட்டிக்கிட்டா இன்னும் ஒரு ஸ்பூன் பால். ஸ்பூனாலயே கலக்குங்க, மிக்ஸியில தயிரைச் சுத்தாதீங்க, உடைஞ்சு தண்ணியாயிடும். கலக்கினதும் ருசி பார்த்து ஏமாந்துடாதீங்க. புதினா தனியா, தயிர் தனியா நிக்கும். ஃப்ரிட்ஜ்ல அரை மணி நேரமாவது கிடக்கட்டும், அப்புறம் பாருங்க. மாங்கா சட்னின்னு அங்க ஒரு இனிப்புப் பாட்டில் விக்கும், அதுல அரை ஸ்பூன் சேர்த்தா கடை ருசி இன்னும் கிட்ட வரும்.

நிறத்தைப் பத்திக் கவலையே வேண்டாம். வினிகர் பட்டா புதினாப் பச்சை மங்கத்தான் செய்யும். பளிச்சுன்னு பச்சையா கொடுக்கிற கடையில கலர் பொடி போட்டிருப்பாங்க, உங்களுக்கு அது எதுக்கு?

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. போன முதல் மாசம் கையில மிக்ஸி இருக்காது, அம்மிக்கு எங்க போறது? ஒரு கிண்ணமும் ஸ்பூனும் இருந்தா இது ஆயிடும். சப்பாத்தி, சமோசா, ரொட்டிக்குள்ள வச்ச கோழி எல்லாத்துக்கும் ஆகும். பசிச்சு வந்த ராத்திரிக்கு இது பெரிய உதவி. (மிக்ஸி கொண்டு போறவங்களுக்கு: இங்கிலாந்துல நம்ம ஊர் மாதிரியே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக் மட்டும் மாத்தினா ஓடும்.)

தயிர் வாங்கும்போது நேச்சுரல் யோகர்ட், முழுக்கொழுப்புன்னு பார்த்து வாங்குங்க. கொழுப்பு குறைச்ச சில வகையில ஜெலட்டின் சேர்த்திருப்பாங்க, அது மாட்டுலேர்ந்தோ பன்னியிலேர்ந்தோ எடுக்கறது. சைவக்காரங்களும் ஹலால் பார்க்கறவங்களும் டப்பாவுக்குப் பின்னாடி கட்டாயம் படிங்க. ஊர்லேர்ந்து உறைமோர் எடுத்துட்டுப் போகலாமான்னு கேக்காதீங்க, இந்தியாவுலேர்ந்து பால் பொருள் எதையும் பையில கொண்டு போக அங்க அனுமதி இல்ல. கடை யோகர்ட் ஒரு ஸ்பூனே நல்ல உறை. குளிர்காலத்துல அடுப்பங்கரையில உறையாது, அணைச்சிருக்கிற ஓவன் அடுப்புக்குள்ள விளக்கை மட்டும் போட்டு வைங்க. ஆனா இந்த சாஸுக்குப் புளிச்ச தயிர் ஆகாது. வினிகரோட சேர்ந்து பல் கூசும்.

பாட்டில் கிடைக்காத நாட்டுல இருக்கவங்களுக்கும், லீவுக்கு ஊருக்கு வந்து "அத்தை, அந்த சாஸ்"னு கேக்கிற பிள்ளைகளோட அம்மாக்களுக்கும்: ஒரு கைப்பிடி புதினா, இலை மட்டும். நல்லா கழுவி ஈரம் போகத் துடைச்சு, ஒரு டீஸ்பூன் சீனியைத் தூவிக்கிட்டே கத்தியால பொடியா நறுக்குங்க. 2 டேபிள்ஸ்பூன் கொதிக்கிற தண்ணி ஊத்தி ஆறவிட்டு, அதே அளவு வினிகர் சேருங்க. அரை மணி ஊறினா பாட்டில் சாஸுக்குப் பதில் ஆயிடுச்சு. மன்னார்குடியில நான் இப்படித்தான் பண்றேன்.

அப்பளம் அங்க சாப்பாட்டுக்கு முன்னாடி, மேஜையில உக்காந்ததுமே வரும். கூட ஊறுகாய்த் தட்டும் வரும். பல இடத்துல ரெண்டுக்கும் தனித்தனியா காசு, கேட்டுட்டு வாங்குங்க. ரூம்ல எண்ணெய் காயவச்சுப் பொரிச்சா புகை மணி அலறி கட்டடமே வெளிய வந்து நிக்கும். நம்ம உளுந்து அப்பளத்துல லேசா எண்ணெய் தடவி மைக்ரோவேவ்ல அரை நிமிஷத்துலேர்ந்து ஒரு நிமிஷம் வைங்க, பொரிஞ்சிடும்.

பிரியாணிக்கு இந்த சாஸ் வைக்கலாமான்னு கூத்தாநல்லூர்ப் பிள்ளை ஒண்ணு கேட்டிருந்துச்சு. வைக்கலாம்மா, ஆனா என் வீட்ல தயிர் வெங்காயமும் தால்சாவும்தான். இந்தத் தித்திப்பு பிரியாணி மசாலாவோட மல்லுக்கு நிக்குது.

செஞ்ச சாஸை ஃப்ரிட்ஜ்ல மூணு நாளைக்கு மேல வைக்காதீங்க. பச்சைப் புதினா வேணும்னா லண்டன்ல ஈஸ்ட் ஹாம், டூட்டிங், வெம்ப்ளி தமிழ்க் கடைகள்ல பெரிய கட்டா கிடைக்கும். சூப்பர் மார்க்கெட் பாக்கெட்ல நாலு தண்டுதான் இருக்கும். இலை ஆய்ஞ்ச தண்டைத் தூக்கிப் போடாம ஒரு டம்ளர் தண்ணியில ஜன்னலோரம் வைங்க. வேர் விட்டதும் தொட்டிக்கு மாத்துங்க. பனியில பட்டுப்போனாலும் வசந்தத்துல தானே துளிர்க்கும். வாடகை வீட்டுத் தோட்டத்துத் தரையில மட்டும் நட்டுடாதீங்க, ஓடி ஓடிப் பரவிடும், பிடுங்கி மாளாது.