புதுப்பிப்பு: எங்கள் செராமாக் கோழி தேறிவிட்டது

தக்கலையில் வீட்டுக்குள் வளரும் எங்கள் செராமாக் கோழி (மிகச் சிறிய கோழி இனம்) இறகை உப்பிக்கொண்டு மூலையில் ஒடுங்கியிருக்கிறது, எச்சத்தில் ரத்தம் தெரிகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். விசாரித்த அனைவருக்கும் நன்றி. இப்போது கொண்டை மறுபடியும் சிவந்திருக்கிறது. காலையில் கம்பு இறைக்கும் சத்தம் கேட்டாலே ஓடி வருகிறது.

கால்நடை மருத்துவர் எச்சத்தை நுண்ணோக்கியில் பார்த்து, குடலில் வளரும் ஒட்டுண்ணிக் கிருமியால் வரும் ரத்தக்கழிச்சல் என்று உறுதிசெய்தார். குடிநீரில் ஆம்ப்ரோலியம் என்ற மருந்தைக் கலந்து கொடுத்தோம். இங்கே பலர் வைட்டமின் டானிக் கொடுக்கச் சொன்னீர்கள். அன்பான யோசனைதான், ஆனால் சிகிச்சை முடியும்வரை வைட்டமின் பி1 உள்ள டானிக் வேண்டாம். ஆம்ப்ரோலியம் பி1 போன்ற வேதி அமைப்பு கொண்டது. கிருமிக்கு அந்தச் சத்து கிடைக்காமல் தடுத்துத்தான் வேலை செய்கிறது. டானிக் அந்த வேலையைக் கெடுத்துவிடும்.

மருந்தைவிடத் தரைதான் முக்கியம். எச்சத்தில் வெளிவரும் கிருமி முட்டை ஈரமும் வெப்பமும் கிடைத்தால் ஓரிரு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். ஆண்டில் இரண்டு பருவமழை பெறும் நம் குமரி மாவட்டத்தில் வீட்டுக்குள்ளும் ஈரம் காய்வதில்லை. அதனால் தரையில் பரப்பிய மரச்சீவலைத் தினமும் மாற்றுகிறோம். எச்சம் விழாதபடி தண்ணீர்க் கிண்ணத்தைக் கோழியின் முதுகு உயரத்துக்குத் தூக்கி வைத்திருக்கிறோம். அரைக்கிலோகூட இல்லாத பறவைக்கு ஒருநாள் கழிச்சலே பெரிய இழப்பு.

வெள்ளைக்கழிச்சல் என்ற வைரஸ் நோய்க்கான தடுப்பு மருந்து வீட்டுக்குள் வளர்ப்பதற்கும் தேவையா என்று ஒருவர் கேட்டிருந்தார். கட்டாயம் தேவை. நம் செருப்பிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டே அந்த வைரஸ் உள்ளே வந்துவிடும்.