காரைக்குடிப் பழைய வீடு: முகப்பில் ரவுட்டர், இரண்டாம் கட்டில் வைஃபை எடுக்கவில்லை

கேள்வி: செங்கல், சுண்ணாம்புக் காரைச் சுவர், கிட்டத்தட்ட இரண்டடி கனம். முற்றத்தில் நன்றாக எடுக்கிறது. பக்கத்து அறைக்குள் போனாலே 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை போய்விடுகிறது. இரண்டாம் கட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸும் மைனஸ் 84 டிபிஎம்தான் (சிக்னல் அளவு; பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது). அங்கே ஒரு ரிப்பீட்டர் வைத்தோம். போனில் கோடு முழுசாக இருக்கிறது, வேகம் இல்லை. சுவரைத் துளைக்க வீட்டில் சம்மதமில்லை.

பதில் 1: போன் காட்டும் கோடு ரிப்பீட்டருடையது. அதற்கே ரவுட்டரிடமிருந்து மைனஸ் 84 வந்தால் எதைத் திருப்பி அனுப்பும்? அதை முற்றத் தாழ்வாரத்தில், ரவுட்டரும் இரண்டாம் கட்டு வாசலும் நேராகத் தெரியும் இடத்தில் வையுங்கள். அங்கே மைனஸ் 65-க்குக் குறையாமல் இருக்கணும். வாங்கும் அலைவரிசையிலேயே திருப்பி அனுப்புகிற வகை என்றால் வேகம் பாதியாகும், அதற்கு மருந்தில்லை.

பதில் 2: இந்தச் சுவருக்குக் கேபிள்தான் சரி. துளை வேண்டாம்; நிலைக்கு மேலே வென்டிலேட்டர் இருக்குமே, அது வழியே போகும். கேட்6 (Cat6) வகை நெட்வொர்க் கேபிள், முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். செம்புப் பூச்சு அலுமினியம் மலிவு, ஆனால் முனையில் சீக்கிரம் ஒடியும். கரன்ட் ஒயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

அந்த முனையில் பழைய ரவுட்டரே போதும். முதலில் அதைத் தனியாக லேப்டாப்பில் மாட்டி, முகவரியை 192.168.1.2 ஆக்குங்கள் (முகப்பு ரவுட்டர் 192.168.1.1 என்றால்). டிஹெச்சிபியை (சாதனங்களுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) அணைத்துவிடுங்கள்; அதை முகப்பு ரவுட்டர் மட்டும் செய்யட்டும். இதை மறந்தால் சில சாதனங்களுக்கு மட்டும் நெட் வந்து வந்து போகும், காரணம் பிடிபடாமல் அலைய வேண்டியிருக்கும். பிறகு கேபிளை லேன் (LAN) துளையில் செருகுங்கள், வெளி இணைப்புக்கான வான் (WAN) துளையில் அல்ல. பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றே. 2.4-க்கு ஒன்றில் சேனல் 1, மற்றதில் 11. அகலம் 20 மெகாஹெர்ட்ஸ்.

கேள்வி கேட்டவர்: கேபிள் முற்றத்தைக் கடக்கணுமே? கரன்ட் ஒயர் வழியே நெட்டை அனுப்பும் பவர்லைன் அடாப்டர் ஒத்துவராதா?

பதில் 2: குறுக்கே தொங்கவிடாதீர்கள், வெயிலில் உறை வெடிக்கும், இடி மின்னல் ஆபத்தும் உண்டு. தாழ்வாரத்து உத்திரத்தை ஒட்டிச் சுற்றிக் கொண்டுபோங்கள், 100 மீட்டர் வரை தாங்கும். பவர்லைனை நம்ப முடியாது: இரு முனையும் வேறு வேறு ஃபேஸ் என்றாலோ ஒன்று இன்வர்ட்டர் லைன் என்றாலோ பெரும்பாலும் தடுமாறும். ஸ்பைக் பஸ்டரில் செருகினாலும் சிக்னலை அது வடிகட்டிவிடும்.

பதில் 1: கேபிள் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தியதும் (கிரிம்ப்) லேப்டாப்பில் இணைப்பு வேகம் பாருங்கள். இரு முனைத் துளைகளும் கிகாபிட் ஆக இருந்தும் 1000 எம்பிபிஎஸ்-க்குப் பதில் 100 காட்டினால், எட்டு இழையில் ஏதோ ஒன்று பிடிக்கவில்லை; முனையை வெட்டி மறுபடி போடுங்கள்.